நகம்தானே

மெசின் இல்லீங்க. எல்லாருமே அப்படித்தான் கேக்கறாங்க. பிரஸ் ஒர்க்ஸ் வெச்சிருக்கேன்னு சொன்னவுடனே, அப்ப மெசின்ல வெரலைக் குடுத்துட்டீங்களாங்கறாங்க. இருபத்தேழு வருசம் மெசின்கூடப் பொழைச்சவன், எனக்கு ஒரு கீறல் பட்டதில்லை. இது பூனை கடிச்சது. ஆமாங்க, பூனை. எங்க ஊட்டுப் பூனைதான்.

நீங்க சிரிக்கலை, சந்தோசம். போன வாரம் இதே பெஞ்சுல ஒருத்தர் சிரிச்சுட்டார். கட்டு மாத்தற நர்ஸம்மா டீக்குப் போயிருக்குது. வர்றதுக்குள்ள சொல்லிடறேன். உங்களைப் பாத்தா நியாயம் தெரிஞ்சவராட்டம் இருக்கறீங்க.

பேரு நாச்சிமுத்துங்க. கணபதியில நாலு பவர் பிரஸ் ஓடுது. பம்புசெட்டுக்குப் போற வாசர், பிளேட்டு, இந்த மாதிரி. தகட்டை உள்ள வெச்சு பெடலை மிதிச்சா மேலயிருந்து பஞ்ச் எறங்கி வெட்டிரும். கை உள்ள போகாம இருக்க முன்னாடி ஒரு கம்பிக்கூடு வெப்பாங்க, கார்டும்பாங்க. அது இருந்தா ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் பீஸ் கொறையும். அதனால கழட்டி ஓரமா வெச்சிருந்தேன். கவனமா இருக்கறவனுக்கு கார்டு எதுக்குங்க?

செபஸ்தியான்னு ஒருத்தன் எங்கிட்ட இருந்தான். பதினோரு வருசம் முந்தி அவனுக்கு வலது கையில ரெண்டு வெரல் போச்சு. முழுசா இல்லீங்க, மொதக் கணு வரைக்கும். நுனிதான். நானே வண்டியில உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வேலையை விட்டு நிறுத்துனனா? இல்லை. பேக்கிங்ல போட்டேன். அப்பப்ப கையை ஒதறிக்கிட்டு நிப்பான். என்னடா அப்படீன்னா, "இல்லாத எடம் அரிக்குதுங்க மொதலாளி"ம்பான். இல்லாத எடம் எப்படிடா அரிக்கும், வேலையைப் பாருன்னு தமாசாச் சொல்லிட்டுப் போவேன். நல்ல மாதிரியாத்தான் வெச்சிருந்தேன் அவனை.

செரி, பூனைக்கு வர்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு, தாரணி. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. ரெண்டு வருசம் முந்தி ஐப்பசி மழையில சாக்கடையில மெதந்துட்டு வந்த ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்துட்டா. உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு. கோலிக்குண்டு மாதிரி கண்ணு. அதனால கோலின்னு பேரு வெச்சா. நல்லா வளர்ந்துச்சுங்க. தாரணி ஆபீஸ் விட்டு வர்ற வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், ஊட்டுக்கு முன்னாடி இருக்கற தென்னை மரத்துல பாதி தூரம் ஓடி ஏறி நின்னுக்கிட்டுப் பாக்கும். தெரு நாய் மூணு இருக்குது எங்க வீதியில, டீக்கடைக்குப் பின்னால. அதுக கீழ நின்னு கொலைக்கும். இது மேல உக்காந்து காலை நக்கிட்டு இருக்கும். மகாராணி மாதிரி.

எனக்கும் புடிக்கும். இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

தாரணிக்குத் திருப்பூர்ல ஒரு எடம் அமைஞ்சுது. பனியன் கம்பெனிக்காரங்க, நல்ல குடும்பம். ஜாதகம் பொருந்திருச்சு. பொண்ணு பாக்க வர்றாங்கன்னா ஊடு ஊடாட்டம் இருக்கணுமில்லீங்களா? பழைய நாற்காலியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு சோபா வாங்கினேன். சாம்பல் கலர் தோல் சோபா. மூணாவது நாள் காலையில பாக்கறேன், கைப்புடி முழுக்கக் கோடு கோடாக் கிழிஞ்சு பஞ்சு வெளிய வந்து கெடக்குது. கோலி அது மேல நின்னுக்கிட்டு முதுகை நீட்டி நெளிச்சு, இன்னும் நல்லாப் பிறாண்டுது.

தாரணி அப்ப டிரெயினிங்குன்னு பெங்களூரு போயிருந்தா. மூணு வாரம். அவ வர்றதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணிடலாம்னு பூனையைப் பையில போட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. நகத்தை நிரந்தரமா எடுத்துருங்கன்னேன். அந்தம்மா எங்கையைப் புடிச்சு, வெரல் நுனியிலிருந்து மொதக் கணு வரைக்கும் தொட்டுக் காட்டுச்சு.

"ஐயா, நம்ம நகம் மாதிரி இல்லை இது. பூனைக்கு நகம் எலும்புலயிருந்து மொளைக்குது. நகத்தை எடுக்கணும்னா இந்தக் கணுவோட வெட்டி எடுக்கணும். அதை நான் செய்ய மாட்டேன். வேற யாரும் செய்யவும் விடாதீங்க."

"அப்ப சோபாவுக்கு என்னங்க பண்றது?"

"நுனியை மட்டும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டி விடலாம், நான் காட்டித் தர்றேன். ஒரு கட்டையில கயிறு நல்லா சுத்தி, சோபா பக்கத்துல நட்டமா நிறுத்தி வைங்க. அதுல பிறாண்டிக்கும். பிறாண்டாம அதால இருக்க முடியாதுங்க ஐயா. நாம சோம்பல் முறிக்கறாப்பல அதுக்கு."

பூனைக்கு சோம்பல் முறிக்கக் கட்டை. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. படிச்சுட்டு வந்தவுடனே இப்படித்தான், கத்தியைத் தொடப் பயம், அதுக்கு ஒரு பேச்சு. நகம்தானே? நகத்துக்கு இத்தனை வியாக்கியானமான்னு வந்துட்டேன்.

எங்க ஒர்க்ஸுக்கு அடுத்த வீதியில ஒரு ஆளு இருக்கறாரு. மாட்டாஸ்பத்திரியில வேலை பாத்து ரிட்டையர் ஆனவர். கம்பவுண்டர்னு கூப்பிடுவாங்க. நாய்க்கு ஊசி, ஆட்டுக்குக் காயடிக்கறது, எல்லாம் அவர்தான். கேட்டேன். "அரை மணி நேர வேலைங்க"ன்னார்.

ஞாயித்துக்கெழமை மத்தியானம். மெசினெல்லாம் நிறுத்தியிருந்துச்சு. பேக்கிங் மேசை மேல பேப்பர் விரிச்சு, சாக்குல சுத்திப் பூனையைப் படுக்க வெச்சோம். புடிச்சுக்க ஒரு ஆள் வேணுமேன்னு செபஸ்தியானை வரச் சொல்லியிருந்தேன். கம்பவுண்டர் ஒரு ஊசி போட்டார். அஞ்சு நிமிசத்துல தலை தொங்கிருச்சு. நாய்க்கு நகம் வெட்டற பெரிய கத்திரி வெச்சிருந்தார். மொத வெரலை அமுக்கி நகத்தை வெளிய கொண்டு வந்து, கணுவுல வெச்சு ஒரே அமுக்கு. டக்னு ஒரு சத்தம். மெல்லிசுத் தகடு வெட்டற சத்தம் மாதிரியே இருந்துச்சு.

வலது முன்னங்கால் அஞ்சும் முடிஞ்சுது. இடது கால்ல மூணாவது வெட்டறப்ப ஊசி வேகம் எறங்கிருச்சுங்க. முழிச்சுக்கிச்சு. அது கத்துனது பூனை கத்தற மாதிரியே இல்லை. பெல்ட் காய்ஞ்சு புல்லியில சறுக்குனா ஒரு சத்தம் வருமே, காதைக் கிழிக்கறாப்பல, அது. சாக்கு முழுக்க ரத்தம். செபஸ்தியான் கையை எடுத்துட்டான். எடுத்துட்டுப் போய் செவுத்தோரமா நின்னுக்கிட்டான். "புடிடா"ங்கறேன், அசையலை.

கம்பவுண்டர், "இன்னும் ரெண்டுதாங்க, பாதியில விட முடியாது"ங்கறார். என்ன பண்றது? நானே புடிச்சேன். கழுத்தை ஒரு கையால, இடுப்பை முழங்கையால அமுக்கிக்கிட்டேன். அது என்னைப் பாத்துச்சுங்க. பாத்துக்கிட்டே இருந்துச்சு. நான் கம்பவுண்டர் கையைப் பாத்துட்டு இருந்தேன்.

முடிஞ்சதும் பேப்பர்ல பத்து கெடந்துச்சு. கடலைப்பருப்பு அளவு. ஒரு பக்கம் நகம், ஒரு பக்கம் வெள்ளையா எலும்பு. செபஸ்தியான் வந்து குத்த வெச்சு உக்காந்து அதையே பாத்தான். தொடலை. ரொம்ப நேரம் பாத்துட்டு நிமிந்து என்னைக் கேக்கறான்.

"மொதலாளி, என்னுதை அன்னைக்கு எங்க போட்டீங்க?"

எனக்குப் புரியலீங்க. "என்னதடா?"

"என் வெரலு. மெசினுக்குள்ள கெடந்துச்சில்ல. அதை எடுத்து எங்க போட்டீங்க?"

பதினோரு வருசம் கழிச்சுக் கேக்கற கேள்வியாங்க அது? ஸ்கிராப் தொட்டியிலதான் போட்டேன். தகட்டுக் கழிவோட லாரியில போயிருக்கும். வேற எங்க போடறது? ஆனா அந்த நேரத்துல அவங்கிட்ட அதைச் சொல்ல வாய் வரலை. "இப்ப என்னத்துக்கு அது, மேசையைத் தொடை"ன்னேன். அவன் தொடைக்கலை. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். பத்தொம்பது வருசம் வேலை செஞ்சவன், திங்கக்கெழமை வரலை. அப்பறம் வரவேயில்லை. என்ன கோபம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஊட்டுல என் சம்சாரம் கோகிலா கேட்டா. வெறும் நகம்னு சொன்னேன். அவ கட்டுப் போட்ட காலைப் பாத்துட்டு சமையக்கட்டுக்குள்ள போயிட்டா.

பூனை வாசிங் மெசினுக்குப் பின்னால போய் உக்காந்துக்கிச்சு. வெளிய வந்தா தரையில செவப்பாப் பொட்டுப் பொட்டாக் கெடக்கும். ஒரு வாரத்துல ரத்தம் நின்னுருச்சு. ஆனா நடைதான் மாறிப் போச்சு. முன்னங்காலை ஊனாம, குதிகால்லயே பின்னால சாஞ்சு சாஞ்சு நடந்துச்சு. அது ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு தட்டுல மணல் வெச்சிருப்போம். அதுல காலை வெச்சவுடனே சூட்டுல வெச்சாப்பல எடுத்துரும். அப்பறம் எங்க போச்சு தெரியுங்களா? சோபாவுல. மெத்துன்னு இருக்குதில்ல, காலுக்கு வலிக்காது. தினமும் சோபாவுலயேதான். எந்த சோபாவைக் காப்பாத்தறதுக்குன்னு நான் அத்தனை பாடுபட்டேனோ, அதே சோபா. கோகிலா வினிகர் போட்டுக் கழுவுனா, எலுமிச்சை போட்டுத் தேய்ச்சா. நாத்தம் போகலை. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க.

தாரணி வந்தா. வண்டிச் சத்தம் கேட்டுமே பூனை வரலை. வாசிங் மெசினுக்குப் பின்னால போய்த் தூக்கிட்டு வந்து மடியில போட்டுக் காலைப் பிரிச்சுப் பாத்தா. அழுவா, சண்டை போடுவான்னு நெனச்சேன். ஒண்ணுமில்லை.

"யாருப்பா வெட்டுனது?"

"கம்பவுண்டர்."

"புடிச்சுக்கிட்டது யாரு?"

"அதெதுக்கு அம்மிணி இப்ப? பயணம் பண்ணி வந்திருக்கறே, சாப்புடு போ."

அவ்வளவுதான். அன்னைக்கே அந்த டாக்டரம்மாகிட்டத் தூக்கிட்டுப் போயிட்டா. ரெண்டு வெரல்ல எலும்புச் சில்லு உள்ளயே நின்னு சீழ் புடிச்சிருக்குதாம். மறுபடி மயக்கம் குடுத்து, மறுபடி கீறி எடுத்தாங்க. செபஸ்தியான் ஊட்டுக்கும் போயிருக்கறா. எனக்குத் தெரியாம. அப்பறம் எங்கிட்டப் பேச்சு நின்னு போச்சு. திருப்பூர்க்காரங்க வர்றதுக்கு மட்டும், அம்மாவுக்காகச் செரின்னா.

ஒரு வெள்ளிக்கெழமை பத்து மணிக்கு வந்தாங்க. மாப்பிள்ளைப் பையன், அவங்கப்பா, அம்மா. சோபாவுல புதுத் துணி விரிச்சு, சாம்பிராணி போட்டு வெச்சிருந்தோம். அவங்க படியேறறாங்க, இந்தப் பூனை எங்கிருந்தோ வந்து சோபா மூலையில ஏறி உக்காந்துருச்சு. உக்காந்தா அடுத்து என்ன நடக்கும்னு எனக்குத் தெரியுமில்லீங்களா? பிடரியைப் புடிச்சுத் தூக்கப் போனேன்.

முந்தியெல்லாம் புடிக்கலைன்னா கையால ஒரு தட்டுத் தட்டும். மேலாக ஒரு கோடு போட்டுட்டு ஓடிரும். அவ்வளவுதான். அன்னைக்கும் மொதல்ல தட்டுச்சுங்க. ரெண்டு மூணு தடவை தட்டுச்சு. மொட்டைக் காலு, எனக்கு ஒண்ணுமே தெரியலை. நான் இன்னும் கெட்டியாப் புடிச்சேன். அப்பத்தான் கடிச்சுது. இந்த வெரல்ல, எலும்பு வரைக்கும். விடலை. கையை ஒதறறேன், அப்படியே தொங்குது. வலியில கண்ணு இருட்டிருச்சு. கதவு நெலையில ஒரு அடி அடிச்சேன். ஒரே அடிதான். ரெண்டு இருக்கும். பையனோட அம்மா பட்டுச்சேலையில ரத்தம் தெறிச்சுருச்சு. பூனை கீழ விழுந்து, எந்திரிச்சு, வாசல் வழியா வெளிய ஓடுச்சு.

நாய் மூணும் அங்கயே நின்னுட்டு இருந்துச்சுங்க.

நேரா தென்னை மரத்துக்குத்தான் ஓடுச்சு. தாவி மரத்தைக் கட்டிப் புடிச்சுது. சர்ருன்னு சறுக்கிக் கீழ வந்துருச்சு. மறுபடி தாவுச்சு, இன்னும் ஒசரமா. மறுபடி சறுக்கல். மூணாவது தாவறதுக்குள்ள ஒரு நாய் பின்னங்காலைக் கவ்விருச்சு. பூனை மல்லாந்து விழுந்து முன்னங்கால் ரெண்டாலயும் நாய் மூஞ்சியில அடிச்சுது. அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. பஞ்சால அடிக்கறாப்பல. நாய் கண்ணைக்கூட மூடலை.

தாரணி பட்டுச்சேலையோட ஓடி நடுவுல விழுந்தா. வெறுங்கையால நாய் வாயைப் பிரிக்கறா. இன்னொரு நாய் அவ கெண்டைக்காலைக் கவ்வி இழுத்துருச்சு. நான் கேட்டுக்குப் பக்கத்துல கெடந்த இரும்புக் குழாயை எடுத்தேன். வலது கை ஒத்துழைக்கலை, இடது கையாலயே போட்டேன். ஒரு நாய்க்கு இடுப்பு ஒடிஞ்சு இழுத்துக்கிட்டே போச்சு. இன்னும் ரெண்டு போட்டு அதை அங்கயே முடிச்சேன். மத்த ரெண்டும் ஓடிருச்சு. எம்பொண்ணைக் கடிச்சா விடுவனா?

பூனைக்கு வயிறு கிழிஞ்சிருந்துச்சு. தாரணி மடியில கொஞ்ச நேரம் மூச்சு வாங்குச்சு, அப்பறம் வாங்கலை. அவ நடுரோட்டுல உக்காந்திருந்தா. காலுலயிருந்து ரத்தம் போறது அவளுக்குத் தெரியவேயில்லை. அந்தப் பையன்தான் தூக்கிக் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். பூனையையும் சேத்துத்தான். அவ விடலை.

ஒம்பது தையல். ஊசி. ஆஸ்பத்திரி வராந்தாவுல பையனோட அம்மா எங்கிட்டக் கேட்டாங்க. "பூனைக்கு ஏங்க நகமே இல்லை? யாரு எடுத்தது?"

"டாக்டருங்க"ன்னேன். கம்பவுண்டர்னா கவுரவமா இருக்காதுல்ல.

உள்ள படுத்திருந்தவ அதைக் கேட்டுட்டா. சத்தம் போடலை. சாதாரணமாத்தான் சொன்னா. "அப்பாதாங்க புடிச்சுக்கிட்டார். முழிச்சுக்கிட்டு இருக்கறப்பவே."

அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டு ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டாங்க. என்னமோ நானே கடிச்சுருவேங்கற மாதிரி. மறுநாள் போன்ல ஜாதகம் செரியா அமையலைன்னு சொல்லிட்டாங்க. எட்டுப் பொருத்தம் இருந்த ஜாதகமுங்க. ஒரு பூனையால ஒரு சம்பந்தம் போச்சு.

உங்க ஊட்டுல இருக்குதுங்களா பூனை? இருக்குதா? அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. நகத்துல மட்டும் கை வெச்சுராதீங்க. எவன் அரை மணி நேர வேலைன்னு சொன்னாலும் நம்பாதீங்க. கயித்தைச் சுத்தி ஒரு கட்டையை வெச்சுட்டுப் போங்க. நகம் இருந்தா கோட்டோட போகும். நகத்தை எடுத்தா பல்லு. நான் அனுபவப்பட்டுச் சொல்றேன்.

தாரணியைப் பாத்துக்கற அவசரத்துல எங்கையை நான் பாக்கலை. மஞ்சப்பத்துப் போட்டுக் கட்டியிருந்தேன். எனக்கு சுகர் இருக்குதுங்க. மூணாவது நாள் வெரல் கத்திரிக்காயாட்டம் வீங்கிருச்சு. முழங்கை வரைக்கும் செவப்பா ஒரு கோடு ஏறிருச்சு. பூனைப் பல்லு ஊசி மாதிரி உள்ள எறங்கி விசத்தை வெச்சுட்டு வந்துருமாம். ஒரு வாரம் ஊசி போட்டும் கேக்கலை. டாக்டர் சொன்னார், இந்தக் கணுவோட எடுத்தாத்தான் கை நிக்கும்னு. எடுத்துட்டாங்க.

நுனிதான் போச்சு. ஆனா சட்டைப் பொத்தான் போட முடியலீங்க. கோகிலாதான் போட்டு விடறா. போன்ல நம்பர் அமுக்க வரலை. நேத்து ஏதோ ரோசனையில நகம் கடிக்கலாம்னு வாய்க்குக் கொண்டு போறேன், அங்க ஒண்ணுமே இல்லை. ஆனா அரிக்குது. அந்த நகக்கண்ணுலயேதான் அரிக்குது. டாக்டரைக் கேட்டா, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்ங்கறார். அப்படி இருக்கும்னு எங்கிட்ட ஒருத்தருமே சொல்லலீங்களே.

தாரணி தையல் பிரிக்கறதுக்கு முன்னாடியே பெங்களூருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டா. எனக்கு ஆபரேசன்னு கோகிலா போன் போட்டவுடனே மொத ரயிலைப் புடிச்சு வந்துட்டா. என்ன இருந்தாலும் பெத்த பொண்ணுங்க. காலைச் சாச்சுச் சாச்சு நடந்து வந்தாளாம். சம்மதக் கையெழுத்தை அவதான் போட்டா. போடறதுக்கு முந்தி டாக்டரை நிக்க வெச்சுக் கேட்டாளாம். "அப்பாவுக்கு முழுசா மரத்துப் போகுமா? நடுவுல முழிச்சுக்க மாட்டாரே?" மாட்டாரும்மான்னு அவர் சொல்லியும், மறுபடி அதையே கேட்டாளாம். மருந்து எத்தனை நேரம் நிக்கும், எறங்குனதுக்கப்பறம் வலிக்கு என்ன குடுப்பீங்க, எல்லாம் ஒரு சீட்டுல எழுதி வாங்கிக் கோகிலாகிட்டக் குடுத்துட்டு சாயந்திர ரயிலுக்குப் போயிட்டா. வார்டுக்குள்ள வரலை. என்னைப் பாக்கலை.

இத்தனை பாசம் இருக்கறவ பேச மாட்டேங்கறா பாருங்க. நடுவுல முழிச்சுக்க மாட்டாரேன்னு ரெண்டு தடவை கேட்டிருக்கறா. நான் முழிச்சுக்கிட்டா இவளுக்கு என்ன தெரியும் அந்த வலி? கோகிலா இதை எங்கிட்டச் சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்துட்டு நின்னா. என்னடி பாக்கறேன்னேன். ஒண்ணுமில்லீங்க மாமான்னு போயிட்டா.

நர்ஸம்மா வந்துட்டாங்க. என்னைத்தான் கூப்புடறாங்க.

உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா ஒரு நிமிசம் எங்கூட உள்ள வர்றீங்களா? துணி ஒட்டிக்கிட்டு இருக்கும், பிரிக்கறப்ப நான் கையை இழுத்துருவேன். போன தடவை அப்படித்தான் ஆச்சு. இந்த மணிக்கட்டைப் புடிச்சு மேசையோட அமுக்கிக்கங்க. கெட்டியா. நான் கத்துனாலும் விட்டுராதீங்க.